ஷட்டருக்கு வெளியே

அந்தக் கடையின் ஷட்டர் கீழே இறங்கியபோது, நான் வெளியே நிற்கிறேன் என்பது என் கணவருக்குத் தெரியுமா?

ஐந்து மாதமாக இந்த ஒரு கேள்வியோடு இருக்கிறேன். இடையில் ஒன்பது நாள் மருத்துவமனையில் படுத்திருந்தேன். இதயத்தைப் படம் பிடித்தார்கள். மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாகத் தாளில் எடுத்தார்கள். ரத்தத்தை ஆறேழு குப்பிகளில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் தேடிய எல்லாவற்றுக்கும் விடை வந்தது. இதற்கு மட்டும் வரவில்லை. நான் இன்னும் அவரிடம் கேட்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முப்பத்தொரு வயது. கணிதத்தில் பட்டம் வாங்கி பி.எட். முடித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். வீடு விழுப்புரத்தில். கணவருக்கு விதை, உரம் விற்கும் கடையில் வேலை. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், அவருடைய ஊர் கெடார். மகள் யாழினிக்கு நாலரை வயது. என் அம்மா திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் இருக்கிறார். பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். என்னைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதுவது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஆனால் இப்படி ஒரு நோய் இருக்கிறது, அது நெஞ்சுவலி மாதிரியே வரும் என்று முன்பே எங்காவது படித்திருந்தால், அந்த ஒன்பது நாளில் பாதியாவது மிச்சமாகியிருக்கும் என்று தோன்றுகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு விழுப்புரம் திரும்ப திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றோம். காலை பதினோரு மணி இருக்கும். அம்மா ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கட்டிக் கொடுத்திருந்தார். இன்னொரு பையில் துணிமணி. யாழினி ஜூஸ் வேண்டும் என்று அழ ஆரம்பிக்க, இவர் அவளைத் தூக்கிக்கொண்டு எதிரிலிருந்த கூல்டிரிங்ஸ் கடைக்குள் போனார். இரண்டு பைகளோடு நான் ஐந்தாறு அடி பின்னால்.

பேருந்துகள் மட்டும் நுழையும் வழியாக ஒரு பைக் உள்ளே வந்தது. மூன்று பேர். அதற்கு அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, ஜனங்கள் எல்லாத் திசையிலும் ஓடியது. நான் கடையை நோக்கி ஓடினேன். படியில் கால் வைத்தபோது ஷட்டர் என் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது. பைகளைப் போட்டுவிட்டுக் குனிந்திருந்தால் உள்ளே நுழைந்திருக்கலாம். போடவில்லை. அம்மா கொடுத்தது என்று பிடித்துக்கொண்டிருந்தேனா, கைக்கு விடத் தோன்றவில்லையா, அதுவும் தெரியவில்லை. ஷட்டர் தரையைத் தொட்டது.

நான் தட்டினேன். "ஏங்க, நான் வெளிய இருக்கேன்" என்று கத்தினேன். அப்படிக் கத்தியதாகத்தான் நினைக்கிறேன். சத்தம் வெளியே வந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பைக்கில் வந்தவர்கள் துரத்திய ஆள் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் விழுந்தார். நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டிலும் யாராவது இதைப் படிக்கலாம். விழுந்தவர் என்னைப் பார்த்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன். நான் ஷட்டரோடு முதுகை ஒட்டி நின்றேன். வேறு எதுவும் செய்யவில்லை.

பைக் போன பிறகு ஷட்டர் உயர்ந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா, சொல்லத் தெரியாது. இவர் யாழினியின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"இன்னொரு பையி எங்க?"

மல்லாட்டைப் பை எப்போது நழுவியதோ, படியில் கிழிந்து கிடந்தது. நான் கையைக் காட்டினேன். அவர் அதை எடுக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகர ஆரம்பித்திருந்த ஒரு பேருந்தில் ஏற்றினார். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டினோம். அப்புறம் என் காதருகே சொன்னார்: "நாம அங்க இல்ல. யாரு கேட்டாலும் இல்ல. அம்மாகிட்டகூட சொல்லாத."

அவருடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அவருடைய சித்தப்பா ஒரு வழக்கில் சாட்சி சொல்லப்போய் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர். வீட்டு வாசலில் வந்து நின்று மிரட்டிவிட்டும் போயிருக்கிறார்கள். அந்தக் கதையைக் கல்யாணமான முதல் மாதமே கேட்டிருக்கிறேன். அதனால் தலையாட்டினேன். குடும்பத்துக்காக ஒரு விஷயத்தை வாயில் வைத்துக்கொள்வது பெரிய காரியமா என்று நினைத்தேன்.

மறுநாள் மாமியாரின் கைப்பேசிக்கு அந்த வீடியோ வந்தது. யாரோ பேருந்துக்குள்ளிருந்து எடுத்தது. ஓரத்தில் மூடிய கடை முன்னால் மஞ்சள் புடவையில் ஒரு பெண் நிற்கிறாள், முகம் தெளிவாக இல்லை. "அய்யோ பாவம், யாரு பெத்த பொண்ணோ, ஒண்டியா நின்னுக்கினு கீது" என்றார் அத்தை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மஞ்சள் புடவையை அதன்பின் நான் வீட்டில் பார்க்கவில்லை. இவரிடம் கேட்டதற்கு "எங்கனா இருக்கும் பாரு" என்றார்.

மூன்றாம் நாள் காலை பால் வாங்கப் போனேன். பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். தூக்கத்தான் செய்தார், இறக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. இடது கை மரத்துப்போனது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. சாகப்போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தது. இதை வேறு மாதிரி சொல்ல முடியாது. யாழினிக்கு ஷூ மாட்டவில்லையே என்று நினைத்தபடியே விழுந்தேன்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சிலும் கைகால்களிலும் கம்பிகளை ஒட்டி இதயத் துடிப்பைத் தாளில் வரைவது. துடிப்பு வேகமாக இருந்ததே தவிர வேறு குறை இல்லை. அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனை. மாரடைப்பு வந்தால் இதயத் தசையிலிருந்து ஒரு பொருள் ரத்தத்தில் கசியுமாம், அது இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. எக்கோ எடுத்தார்கள். கர்ப்பத்தில் வயிற்றில் ஜெல் தடவிக் குழந்தையைப் பார்த்தார்களே, அதேபோல இதயத்தைப் பார்ப்பது. திரையில் என் இதயம் ஒரு சின்ன வாய் மாதிரித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார் எடுத்தவர்.

பெரிய டாக்டர் வந்து கேட்டார்: "சமீபத்துல ஏதாவது அதிர்ச்சி, பயம், வீட்ல பிரச்சனை, அப்படி எதுனா உண்டாம்மா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இவர் பதில் சொன்னார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க டாக்டர். செவ்வாக்கெழம வெரதம் இருப்பாங்க. வெறும் வயித்துல வெயில்ல போய்ட்டு வந்தாங்க. ஒடம்பு தாங்கல."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் "ஆமாம் டாக்டர்" என்றேன். அந்த "ஆமாம்" என்னை இன்னும் ஒரு வாரம் அங்கே படுக்க வைத்தது. அவர் என்ன செய்வார், பாவம். நாங்கள் கொடுத்த பொய்யை வைத்துக்கொண்டு உண்மையான நோயைத் தேடினார். தைராய்டு பார்த்தார். சர்க்கரை பார்த்தார். விழுந்ததால் வலிப்பாக இருக்குமோ என்று இ.இ.ஜி. எடுத்தார், தலை முழுக்கப் பசை வைத்துக் கம்பி ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவது. பசை போக மூன்று முறை தலைக்கு ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டி ஒன்றை இடுப்பில் கட்டிவிட்டார்கள். எப்போதெல்லாம் படபடப்பு வருகிறதோ அப்போது என்ன நடந்தது என்று நேரம் போட்டு எழுதச் சொல்லி ஒரு தாளும் கொடுத்தார்கள். நான் நேரத்தை மட்டும் எழுதினேன். என்ன நடந்தது என்ற கட்டத்தில் "படுத்திருந்தேன்" என்று எழுதினேன். மருந்து வண்டியின் இரும்புக் கதவை நர்ஸ் சடாரென்று மூடினார் என்று எழுதியிருக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் மும்தாஜ் அக்கா இருந்தார். பித்தப்பையில் கல். விக்கிரவாண்டியில் லாரிக்காரர்களுக்கு டிபன் கடை போட்டிருப்பவர். மருத்துவமனைச் சாப்பாட்டை ஒவ்வொரு வேளையும் திட்டிக்கொண்டே முழுசாகச் சாப்பிடுவார். "சட்னியாம் இது. இத எங்க கடைல வெச்சா டிரைவருங்க என் மேலயே லாரிய ஏத்திடுவாங்க" என்பார்.

டாக்டரும் நர்சும் என்னிடம் என்ன கேட்டாலும் இவரோ அத்தையோ பதில் சொல்வதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். வலி இருக்கிறதா, தூங்கினாயா, மோஷன் போனாயா, எல்லாவற்றுக்கும். மூன்றாம் நாள் இவர் டீ வாங்கப் போன நேரம் என் பக்கம் திரும்பினார்.

"ஏம் பொண்ணு, உன் வாயிக்கு பூட்டு போட்டு சாவி அவர்கிட்ட குடுத்துக்கிறியா?"

சிரித்தேன். அந்த வாரத்தில் சிரித்தது அது ஒன்றுதான். பிறகு போர்வைக்குள் போய் அழுதேன். அக்கா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தன் பிளாஸ்கிலிருந்து பால் ஊற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இவரைக் கெட்டவர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அப்படி நினைத்தால் அது என் எழுத்தின் தப்பு. அந்த ஒன்பது நாளும் காலையில் வீட்டிலிருந்து கேப்பைக் கஞ்சி கொண்டு வந்தார். கடைக்குப் போய்விட்டு மதியம் வந்தார், சாயங்காலம் வந்தார். யாழினிக்குத் தலை சீவப் பழகிக்கொண்டார். ஒரு ஜடை காதுக்கு மேலும் இன்னொன்று கழுத்துக்குக் கீழுமாகப் போட்டு அழைத்து வந்து, "எப்டி?" என்று பெருமையாகக் கேட்டார். என் கால் மரத்துப்போகும்போது பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார், வார்டில் எல்லோரும் பார்க்கவே. மற்ற கட்டில்காரர்கள் கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவர் கை பட்டபோதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இந்தக் கை ஷட்டரின் உள்பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தது? பாசத்தைச் சந்தேகப்படுவது எவ்வளவு களைப்பான வேலை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருவேளை என் புத்திதான் கோணலோ என்றும் நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. அம்மா, "உள்ள இருந்தது உம் பொண்ணும்மா, அத நெனச்சிக்கோ. கேட்டு கேட்டு குடும்பத்த ஒடச்சிக்காத" என்றார். நான் எதையும் கேட்கப்போவதாகச் சொல்லவே இல்லை. அம்மாவுக்கும் அதே கேள்வி வந்திருக்கிறது, வந்தவுடனே எனக்காக அதை மூடிவிட்டார் என்பது புரிந்தது. என்னைப் பெற்றவர் என் பக்கம் ஒரு நிமிடமாவது நிற்பார் என்று நினைத்திருந்தேன்.

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, ஆனால் நான் சரியாக இல்லை. அத்தை தன் வழியில் ஒரு முடிவுக்கு வந்தார். "இவ எங்கயோ பயந்துக்கீறா." எங்கள் பக்கம் பயந்தவர்களுக்கு ஒன்று செய்வார்கள். எந்த இடத்தில் பயந்தார்களோ அந்த இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்து வந்து, மிளகாயும் உப்பும் சேர்த்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். அந்த இடத்து மண்தான் வேண்டும், வேறு மண் ஆகாது. எங்கே பயந்தாள் என்று அத்தை மகனைக் குடைந்திருக்கிறார். தப்பிக்க முடியாமல் இவர், திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு நாய் துரத்தியது என்று சொல்லியிருக்கிறார். "அத ஏன்டா இத்தினி நாளா சொல்லல, போய் மண்ணு எட்தா" என்று அத்தை அனுப்பிவிட்டார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்றால், படித்தவள், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இவர் மண் எடுக்கத் திண்டிவனம் போயிருக்கிறார் என்று அத்தை வந்து சொன்னபோது எனக்குள் ஏதோ இளகியது. அந்தப் படிக்கு, அந்தக் கடைக்கு முன்னால், எனக்காகத் திரும்பப் போய்க் குனிந்து மண் எடுக்கிறார். ஒருவிதத்தில் நான் கேட்காத கேள்விக்கு அது ஒரு பதில் இல்லையா? அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

சாயங்காலம் செய்தித்தாளில் மடித்த பொட்டலத்தோடு வந்தார். அத்தை வார்டிலேயே பிரித்தார். நர்ஸ் பார்ப்பதற்குள் ஜல்தியாக முடிக்க வேண்டும் என்று மும்தாஜ் அக்கா கதவருகே காவல் நின்றார். அத்தை பிடி மண்ணை என் முகத்துக்கு நேரே தூக்கினார்.

செம்மண். ஈரமான, உதிரியான செம்மண். அதில் ஒரு மல்லாட்டைச் செடியின் வேரும் காய்ந்த இலையும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்தப் பேருந்து நிலையத்தில் மண் கிடையாது. சிமெண்டும் தாரும்தான். மூலையில் கூட்டி எடுத்தால் எண்ணெய்க் கறையோடு கரியாக ஒரு தூசி கிடைக்கும். அங்கே பள்ளியிலிருந்து கல்லூரிவரை பன்னிரண்டு வருடம் பேருந்துக்காக நின்றவள் நான்.

அத்தை என் தலையைச் சுற்றினார். வலமாக மூன்று, இடமாக மூன்று. "நாய் கண்ணு, நரி கண்ணு" என்று ஏதோ முணுமுணுத்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் பொய், டாக்டருக்குப் பொய், அவரைப் பெற்ற தாய்க்குப் பொய். அவையெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்னவை, நானும் அவற்றில் கூட்டு. இந்தச் செம்மண் எனக்கே சொன்ன பொய். அத்தனை நாள் வராத கோபம் அந்த ஒரு பிடி மண்ணுக்கு வந்தது. மறுநாள் காலை டாக்டர் சுற்றுக்கு வந்தபோது இவரும் அத்தையும் இருந்தார்கள். "எப்படிம்மா இருக்கு?" என்றார். இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"என்ன நாய் தொரத்தல டாக்டர். திண்டிவனத்துல வெட்டுனாங்க இல்ல, நான் பத்தடில நின்னேன். அந்த வீடியோல இருக்கிறது நான்தான்."

அத்தை தலையில் கை வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். இவர் "செல்வி" என்று ஒரே வார்த்தை சொன்னார். டாக்டர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் என் கேஸ் தாளைப் பின்னுக்குப் புரட்டி, முதல் நாள் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். "இத மொத நாளே சொல்லிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்றே மனநல மருத்துவர் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார். இவரையும் அத்தையையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார், மெதுவாக. இங்கே சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்றார். ஒரு மணி நேரம் பேசினேன். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் உடம்பு ஓர் அபாய மணி அடிக்கும். ஓடுவதற்காக இதயம் வேகமாகும், மூச்சு வேகமாகும். ஆபத்து போனதும் மணி நிற்க வேண்டும். சிலருக்கு நிற்பதில்லை. அந்த நேரத்தில் கேட்ட சத்தம், மணம், எது திரும்ப வந்தாலும் உடம்பு மறுபடி மணியடிக்கும். மூச்சை வேக வேகமாக இழுப்பதால்தான் கை மரக்கிறது. இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர். சாவது போலவே இருக்கும், சாக மாட்டோம். ஒரு மாதத்துக்குள் அடங்கினால் அதிர்ச்சியின் விளைவு என்று விட்டுவிடலாம், நீடித்தால் பி.டி.எஸ்.டி. என்பார்கள், அதாவது முடிந்துபோன அதிர்ச்சி உடம்புக்கு மட்டும் முடியாமல் இருப்பது. எனக்கு நீடித்தது. இப்போது என் சீட்டில் அதுதான் எழுதியிருக்கிறது.

"எனக்குப் பைத்தியமா டாக்டர்?" என்று கேட்டேன். "இல்ல. கால் ஒடஞ்சவங்கள நொண்டினு சொல்லிட்டு விட்ருவமா? கட்டு போட்டு நடக்க வெப்போம்" என்றார். ஒரு சின்ன மாத்திரை, பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும் என்றார். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வாரம் ஒரு முறை பேச்சு.

மறுநாள் டிஸ்சார்ஜ். மருந்துக்கான வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டே இவர் சொன்னார்.

"மண்ணு எடுக்கப் போனேன். திண்டிவனம் மேம்பாலத்தாண்டயே எறங்கிட்டேன். கால் வர்ல. அர மணி நேரம் நின்னுக்கினு இருந்தேன். அப்பறம் பஸ் ஏறி, விக்கிரவாண்டி தாண்டி ஒரு மல்லாட்ட கொல்லில அள்ளிக்கினு வந்தேன்."

"என்னால அங்க போவ முடில செல்வி" என்றார் மறுபடி. அப்போதுதான் கவனித்தேன், ஒன்பது நாளில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உடம்பில் மணி நிற்காதது எனக்கு மட்டும் இல்லையோ என்று தோன்றியது. அந்த நிமிடத்தில் கேட்டிருக்கலாம். கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது. எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், அவர் எழுந்து போனார்.

இந்த ஐந்து மாதத்தில் எவ்வளவோ தேறியிருக்கிறேன். இஸ்திரிக் கடை ஷட்டருக்கு இப்போது நெஞ்சு ஒரு முறை தூக்கிப்போடுகிறது, அவ்வளவுதான். போன வாரம் மேம்பாலம்வரை தனியாகப் போய்வந்தேன். அத்தை மாறியிருக்கிறார். என்னிடம் எதுவும் கேட்பதில்லை, ஆனால் பால் வாங்க அவரே போகிறார். அந்தக் கேள்வி மட்டும் குறையவில்லை.

ஒன்றை நேர்மையாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாழினியோடு நான் உள்ளே இருந்து இவர் வெளியே நின்றிருந்தால், ஷட்டரைத் தூக்கச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். என் குழந்தை கையில் இருக்கும்போது மாட்டேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் உண்மை. எனவே ஷட்டருக்காக அவரை நான் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியே வந்ததும் நான் அவரைக் கட்டிக்கொண்டு சொல்லியிருப்பேன். நீங்கள் வெளியே இருப்பது தெரிந்துதான் மூடினேன், யாழினிக்காக மூடினேன், மன்னித்துவிடுங்கள் என்று. அதைச் சொல்லாமல் பையை எங்கே என்று கேட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இல்லை, அவர் நான் உள்ளே வந்துவிட்டதாக நினைத்திருக்கலாம். கடைக்காரர் இறக்கியிருக்கலாம். இருட்டில் தெரியாமல் போயிருக்கலாம். அப்படியென்றால் அதையாவது சொல்லலாமே.

போன ஞாயிறு யாழினிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். காதோரம் சீப்பு பட்டதும் சிணுங்கினாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"அன்னிக்கி ஜூஸ் கடைல அப்பா என் காத பொத்திக்கினாரும்மா. ரெண்டு காதும். இறுக்கமா. வலிச்சிது."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. வெளியே நடந்த அலறல் குழந்தைக்குக் கேட்கக் கூடாது என்று பொத்தியிருப்பார். எந்த அப்பாவும் செய்வார். அல்லது நான் தட்டுவது கேட்டு, அம்மா அம்மா என்று அவள் கத்திவிடக் கூடாது என்று பொத்தியிருப்பார். "ஏம்மா பொத்தினார்? அதுக்கு முன்னாடி உனக்கு என்ன கேட்டுது?" இரண்டே கேள்வி. அவளுக்குத் தெரியும். நாலரை வயதுக் குழந்தை பொய் சொல்லாது. நான் கேட்கவில்லை. ஜடையைப் பின்னி முடித்தேன்.

அடுத்த முறை கணவரையும் அழைத்து வாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வருகிற வியாழக்கிழமை. அங்கே வைத்துக் கேட்டால் அவர் உண்மையைச் சொல்வாரா, அல்லது மேம்பாலத்தில் நின்றதைப் போல உள்ளுக்குள்ளேயே நின்றுவிடுவாரா? தெரியாது என்று சொன்னால் நான் நம்புவேனா? தெரியும் என்று சொன்னால் அன்று ராத்திரி அவருக்குச் சோறு போடுவேனா? கேட்காமலே இருந்தால், ஒரு நாள் பொறுக்க முடியாமல் யாழினியிடம் கேட்டுவிடுவேனோ என்பதுதான் என் பெரிய பயம். அவளை அவள் அப்பாவுக்கு எதிரான சாட்சியாக்கிவிடுவேன். அவளுக்கு அந்தக் காலைப்பொழுது என்றைக்கும் முடியாது.

இதைப் படிப்பவர்களில், இப்படி ஒரு கேள்வியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் இருப்பீர்கள். கேட்டவர்களும் இருப்பீர்கள், கேட்காமல் விட்டவர்களும் இருப்பீர்கள். கேட்டவர்கள், கேட்ட பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள். விட்டவர்கள், எத்தனை வருடத்தில் அது வலிக்காமல் போனது என்று எழுதுங்கள். போகவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். வியாழக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.